ஆற்றைக் குடித்த ஜீப்

கிரேன் ஜீப்பை இழுத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தபோது காலை பத்து மணி இருக்கும். கதவிடுக்குகளில் ஆற்றுச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அதற்குள்ளிருந்துதான் அவனுடைய தம்பியைப் பிணமாக வெளியே எடுத்தார்கள்.

பின்னாலேயே தம்பி மனைவி வந்தாள்.

"இதை ஓட வச்சுக் குடுங்க மாமா. வண்டிய இழுக்கிற விஞ்சு, கேரியர், முன்னாடி லைட்டு, அவரு ஆசைப்பட்டது எதையும் விட்டுடாம மாட்டிக் குடுங்க."

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"அன்னிக்குக் காலைல சண்டை போட்டேன். எங்கயாவது போய்த் தொலைங்கன்னு சொன்னேன். போயிட்டாரு."

தம்பி வேண்டுமென்றேதான் வண்டியை ஆற்றில் இறக்கினான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவளும் நம்பிவிட்டாள். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் மெக்கானிக்தான். அவனோ வாயைத் திறக்கவில்லை.

தம்பி ஒரு வண்டிப் பைத்தியம். மனைவிக்குப் புடவை எடுக்கப் போய், பம்பர் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற ரகம். ஆழமான தண்ணீரிலும் எஞ்சின் மூச்சு விடவேண்டுமென்று கூரை உயரத்துக்கு ஒரு காற்றுக்குழாய் வைக்கச் சொன்னான். அண்ணன்தான் வைத்துக் கொடுத்தான். ஆனால் குழாய் மட்டும் போதாது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில், மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் மேலே காற்றைக் குடிக்காமல் கீழே ஆற்றைக் குடித்து நடு ஆற்றில் நின்றுவிடும். அன்றைக்கு அரட்டை சுவாரசியத்தில் மூடியைச் சட்டைப் பையில் போட்ட அண்ணன் மறந்தே போனான். "தைரியமா இறக்குடா" என்று முதுகில் தட்டி அனுப்பியதும் அவன்தான். தம்பியின் உடல் வீட்டுக்கு வந்த அன்று, கைக்குட்டைக்காகப் பையில் கை விட்டபோது மூடி விரலில் தட்டுப்பட்டது.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தான். ஆயிலில் கலந்திருந்த தண்ணீரை வடித்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காயவைத்தான், நனைந்த வயர்களை மாற்றினான். நான்காம் நாள் மதியம் வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. ஓட்டையில் மூடியை அழுத்தி வைத்து, கிளிப்பும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்தால் ஆற்று வாடை.

ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான். விளிம்பு வரைக்கும் கலங்கல் தண்ணீர். அடியில் ஓட்டை திறந்துதான் கிடந்தது.

ஒரு சொட்டுகூட வடியவில்லை.

மூடி அவன் சட்டைப் பையில் இருந்தது, ஈரமாக. அன்றைக்குத்தான் பீரோவிலிருந்து எடுத்துப் போட்ட புதுச் சட்டை.

அடுத்த நாளும் அப்படியே. பசை போட்டு ஒட்டிப் பார்த்தான், அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கும் மறுநாள் பெட்டியைத் தொடப் போனபோது உள்ளே யாரோ இருமினார்கள். சின்ன வயதில் நீச்சல் தெரியாமல் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் தம்பி இருமிய அதே இருமல்.

"டேய்..." என்றான். பானெட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

அன்று மதியம் அவள் வந்தாள். உச்சி வெயில். இனிமேல் தாங்காது என்று அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவன் சாகப் போகல. என்னை நம்பித்தான் ஆத்துல இறக்கினான். நான்தான் கொன்னுட்டேன்."

அவள் அதிர்ந்த மாதிரியே தெரியவில்லை.

"தெரியும் மாமா."

"யாரு சொன்னா?"

"அவருதான். முந்தாநாள்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணனே வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் நீ காட்டிக்காதன்னாரு."

அவள் ஜீப்பில் ஏறினாள். ஓட்டுகிற இடத்தில் அல்ல, பக்கத்தில். நிதானமாக பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். முகத்தில் இத்தனை நாளாக இல்லாத நிம்மதி.

"யாரும்மா ஓட்டப்போறா?"

சாவி அவன் கையில் இருந்தது.

எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

ஓட்டுநர் இருக்கை, ஆள் உட்கார்ந்த மாதிரி மெல்ல அமுங்கியது.

ஜீப் வாசலைத் தாண்டியது. வீட்டுப் பக்கம் போகாமல் ஆற்றுப் பக்கம் திரும்பியது. அவன் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

"நிறுத்துடா. அவளை விட்டுடுடா. தப்பு பண்ணவன் நான்டா."

வண்டி நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின் கதவு மட்டும் தானாகத் திறந்தது. உள்ளே இருக்கை முழுக்க ஆற்றுத் தண்ணீர் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஓரத்தில், அண்ணன் நனையக்கூடாதென்று, யாரோ உலர்ந்த துண்டு ஒன்றை மடித்து விரித்து வைத்திருந்தார்கள்.