தௌபீக் எண்ணிய இலைகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அப்சானாவுக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பியை இறக்குவாள்.

“இன்னைக்கு எத்தனை இலைலே?”

“பதினாலு!” என்பான் தௌபீக். அவனுக்கு ஏழு வயது.

அவர்களுடைய அம்மா பதருன்னிசா பங்குனி மாதம் இறந்துபோனாள். கயத்தாற்றில் அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் செய்தபின் கபரின், அதாவது புதைத்த குழியின், தலைமாட்டில் பச்சைக் கொப்பு ஒன்றை நடுவார்கள். அது பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு நிம்மதி என்பார்கள். கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் அம்மா வளர்த்த மருதாணியிலிருந்தே அத்தா ஒரு கொப்பை ஒடித்துப் போயிருந்தார்.

சும்மா மருதாணி இல்லை அது. பூத்தால் தெருமுனை வரை மணக்கும். பெருநாளுக்கு முந்தின நாள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதன் இலையைத்தான் அம்மா அரைத்து வைத்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அத்தாவும் தௌபீக்கும் கபர்கள் இருக்கும் கபர்ஸ்தானுக்குப் போய் வருவார்கள். அந்தத் தெருப் பெண்கள் அங்கே போவதில்லை. அதனால் அப்சானா அந்தக் கொப்பைப் பார்த்ததே இல்லை. அத்தாவிடம் கேட்கலாம்தான். ஆனால் அம்மா பேச்சை எடுத்தாலே அவர் முகம் வாடிவிடும். அதை அவளால் பார்க்க முடியாது. ஆகவே தௌபீக் சொல்லும் கணக்குதான் அவளுக்கு எல்லாம். முதலில் நாலு இலை என்றான். பிறகு ஒன்பது. ஆனி மாதத்தில் நாற்பதுக்கு வந்துவிட்டான்.

“நாற்பதா? எண்ணினியா?”

“ரெண்டு தடவை எண்ணினேன்க்கா.”

இருபத்தொன்பதுக்குப் பிறகு என்ன வரும் என்று அவளிடமே கேட்கிறவன் அவன்!

“அப்போ அடுத்த வாரம் எனக்கு ஒரே ஒரு இலை கொண்டு வா.”

அடுத்த வெள்ளிக்கிழமை தௌபீக் சட்டைப்பையிலிருந்து ஒரு இலையை எடுத்துக் கொடுத்தான். அப்சானா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். அப்போதுதான் இலையின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்தாள். சுண்ணாம்பு. போன வாரம்தான் அத்தா கொல்லைச் சுவருக்கு வெள்ளையடித்தார். அங்கே இருந்த மருதாணி மேலெல்லாம் தெறித்திருந்தது.

“தௌபீக், இதை எங்கன பறிச்ச?”

அவன் உதடு பிதுங்கியது. “அந்தக் கொப்பு பட்டுப்போச்சுக்கா. முதல் வாரமே பட்டுப்போச்சு. தரையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. வெடிப்புக்குள்ள என் கையே போகுது. சொன்னா நீ அழுவேன்னுதான்…”

அப்சானாவுக்குக் கோபமான கோபம் வந்தது. கையைக்கூட ஓங்கிவிட்டாள். ஒவ்வொரு வாரமும் இந்தச் சின்னப் பயல் காய்ந்த குச்சியைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்காக ஒரு எண்ணை யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஓங்கிய கை தானாக இறங்கியது. துப்பட்டாவால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

“அழாதலே. நீ சொன்னதை நெசமாக்கிருவோம்.”

அன்று முழுக்க யோசித்தாள். கோடையில் கரிசல் மண் வெடிக்கிறது. வெடிக்கும்போது சின்ன வேரை அறுத்துவிடுகிறது. அப்படியானால் வெடிக்காத மண்ணில் முதலில் வேர் பிடிக்க வைக்க வேண்டும். மழை பெய்து வெடிப்பெல்லாம் மூடிய பிறகு அங்கே நட வேண்டும்.

பழைய எண்ணெய் கேனை அறுத்து, அடியில் ஓட்டை போட்டாள். ஆற்றுமணல் நிரப்பினாள். அவள் வகுப்புத் தோழி மாரிசெல்வி வீட்டில் ஆடுகள் உண்டு. அவள் ஒரு பை நிறைய ஆட்டுப்புழுக்கை கொண்டுவந்தாள்.

“ஏட்டி, தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தாத. அழுகிரும்” என்றாள் மாரிசெல்வி.

பென்சில் கனத்தில் மூன்று கொப்புகளை நட்டு, துவைகல்லின் நிழலில் வைத்தார்கள். பத்தே நாளில் ஒன்று காய்ந்தது. ஆடி முடிவதற்குள் இன்னொன்றும் போயிற்று. அப்சானா அன்று சாப்பிடவில்லை.

“மூணாவதைப் பிடுங்கி, வேர் வந்திருக்கான்னு பார்த்துட்டு வச்சிருதேன்” என்றான் தௌபீக்.

“உன்னைத் தினமும் பிடுங்கிப் பார்த்தா நீ வளருவியாலே?”

நல்லவேளை, அவன் பிடுங்கவில்லை. மூன்றாவது கொப்பு மெல்லத் துளிர்த்தது. ஐப்பசியில் முதல் மழை பெய்தபோது பதினோரு இலைகள் இருந்தன. இந்தத் தடவை இருவரும் சேர்ந்து எண்ணினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அப்சானா கேனை அத்தாவிடம் நீட்டினாள்.

“அத்தா, இதை அம்மா தலைமாட்டுல வச்சிருங்க.”

அத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “முதல்ல வச்ச கொப்பு…”

“தெரியும் அத்தா.”

“உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு எனக்குத் தெரியலம்மா.” அவர் கண் கலங்கியது.

“கேனை அறுத்து, மண்ணோட வைங்க அத்தா. வேர் அசையக் கூடாது” என்றாள் அப்சானா.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டிச் சத்தம் கேட்டது. அப்சானா ஓடினாள்.

“எத்தனை இலைலே?”

தௌபீக் மெதுவாக இறங்கினான். தரையைப் பார்த்தபடி நின்றான்.

“பதினொண்ணு இருந்துச்சுல்லக்கா? ஒன்பது உதிர்ந்துட்டு. ரெண்டுதான் இருக்கு.”

“ரெண்டும் பச்சையா இருக்கா?”

“பச்சையா இருக்கு. தொட்டுப் பார்த்தேன்.”

அப்சானா தம்பியை இறுகக் கட்டிக்கொண்டாள். நாற்பது இலைக்கு வராத சந்தோஷம் அந்த இரண்டு இலைக்கு வந்தது.