கடைசி ஆவி

மத்தியானம் இஸ்திரி போட்டு எடுத்த பல்தடம் சாயங்காலம் மறுபடியும் கட்டையில் இருந்தது.

லெம்பி விரலால் தடவிப் பார்த்தாள். தனியே கழற்றி வைத்திருந்த துப்பாக்கிக் கட்டையில் சுடுகிறவன் கன்னம் சாய்க்கும் இடத்துக்குச் சற்று முன்னால், பிறை போல வளைந்து ஆறு பள்ளங்கள். ஈரத்துணியை மடித்துப் போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் நசுங்கிய மரம் ஊறி எழுந்துவிடும் என்று அவள் கணவன் வெய்க்கோ சொல்லியிருந்தான். அப்படியே செய்தாள், எழுந்தது, மரம் வழவழவென்று ஆனது. இப்போது பள்ளங்கள் திரும்பியிருந்தன. உள்ளே ஈரம்.

"எலி கடிச்சிருக்கும்," என்றான் வெய்க்கோ.

"எலிக்கு இவ்வளவு பெரிய வாயா?"

பக்கத்து வீட்டு ஆர்வோ காப்பிக் கோப்பையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டையை வாங்கிப் பார்த்தான். "இத வச்சிருந்த சிப்பாய்க்குக் குளிர்ல பல்லு தந்தியடிச்சிருக்கும். சத்தம் கேக்கக் கூடாதேன்னு கட்டையக் கடிச்சிருப்பான் பாவம். வாயில பனிய அள்ளிப் போட்டுக்கிட்டுப் படுத்திருப்பாங்களாம், மூச்சு வெள்ளையாத் தெரிஞ்சா எதிராளி சுட்டுருவான்ல. போர்ல இருந்த என் பெரியப்பா மகன் ஊர்லேர்ந்து எழுதியிருந்தான்." பிறகு சிரித்தான். "எது எப்படியோ, இது ரஷ்யாக்காரன் துப்பாக்கிடா. நாளைக்கு மானப் பார்த்தா 'வாங்க தோழரே'ன்னு சல்யூட் அடிக்கப் போவுது."

"போன வருஷம் நீ மரத்தைத்தானே சுட்ட? அதுக்கு இது மேல்," என்றான் வெய்க்கோ.

இரும்புக்கடையில் பட்டாளம் கழித்துவிட்ட துப்பாக்கிகளைப் பீப்பாயில் விளக்குமாறு போலச் செருகி வைத்திருந்தார்கள். சுரங்க வேலைநிறுத்தத்தில் கோடைக் கூலி முழுக்கப் போய்விட்டது. மான் விழுந்தால்தான் குளிர்காலத்துக்கு இறைச்சி. வெய்க்கோ ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். முன்பக்கத்து மரத்தை அறுத்துப் போட்டான். குழலைக் குட்டையாக்கினான். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின், நேராக நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பழுக்கக் காய்ச்சிக் கீழே வளைத்தான். எல்லாம் சரியாக வந்தது, கட்டையைத் தவிர. அடுப்படியில் வைத்தால் போதும், எங்கிருந்தோ பழைய கிரீஸ் கசிந்துகொண்டே இருந்தது. கிரீஸ் வாடைக்கு அடியில் நனைந்த கம்பளியின் வாடை, அதற்கும் அடியில் யாரோ ஒருவனுடைய வியர்வை.

"விடியக்காலைல வண்டியோட வரேன், தூங்கித் தொலைச்சிராத," என்று ஆர்வோ கிளம்பினான்.

சனிக்கிழமைக் குளியல். முற்றத்துக்கு அப்பால் இருந்த சவுனா என்ற நீராவிக் குளியல் குடிலில் இருவரும் குளித்து முடித்தார்கள். வெய்க்கோ கட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய் மேல்பலகையில் கிடத்தினான். "வேர்த்து ஊத்தட்டும். கிரீஸ் அத்தனையும் வந்துரும்."

"வேணாம். கடைசி ஆவி நம்மளது இல்ல."

எல்லோரும் குளித்த பிறகு அடுப்பின் சூடான கற்களில் ஒரு அகப்பை நீர் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். அந்த ஆவி செத்தவர்களுக்கு, அதன்பின் உயிரோடிருப்பவர்கள் யாரும் போகக் கூடாது. அந்தப் பலகையில்தான் வெய்க்கோவின் அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டினார்கள்.

"வேற யாருது? பேரச் சொல்லு," என்றான் வெய்க்கோ.

பேர் சொல்கிற வழக்கம் இல்லை.

அவன் அகப்பையை மொண்டு கற்களில் ஊற்றினான். கட்டையைப் பார்த்துத் தலை குனிந்து, "வாங்க தோழரே," என்றான்.

சமையலறையில் அவன் போல்ட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். லெம்பி பாத்திரம் துடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டும் பனியும் ஒரே நிறத்தில் கிடந்தன. அரத்தின் கரகரப்பு, அடுப்பில் விறகு உட்காரும் ஓசை, இவற்றுக்கு நடுவே முற்றத்துக்கு அப்பாலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் ஒன்று வந்தது. சூடான கல்லில் நீர் விழும் சீற்றம்.

அவள் கை நின்றது.

மறுபடி ஒன்று. வாளி விளிம்பில் அகப்பை இடித்தது. பிறகு, குளிப்பவர்கள் மேலே தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கொத்து ஈர உடம்பில் விழும் அடி, நிதானமாக. குளியலுக்கு வெகுநாள் ஏங்கியவன் அடித்துக்கொள்வது போல.

"வெய்க்கோ. கேக்குதா?"

"என்னது?" காதைத் தீட்டினான். சத்தம் நின்றிருந்தது. "கட்டை வெடிக்குதோ என்னவோ. எடுத்துட்டு வந்துர்றேன்." மேல்கோட்டை மாட்டிக்கொண்டான்.

"காலைல எடுத்துக்கலாம். இரு."

"பயந்தாங்கொள்ளி," என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

சவுனாக் கதவு திறந்தது. சாத்திக்கொண்டது. அவள் துண்டைப் பிடித்தபடி நின்றாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பனி நொறுங்கும் காலடி. வந்துவிட்டான். மூச்சு திரும்பியது அவளுக்கு.

கதவைத் திறந்தாள். குளிரில் அவள் மூச்சு வெள்ளையாக எழுந்தது. எதிரே கட்டையோடு வெய்க்கோ. கோட்டு அவனுடையது. முகம் அவனுடையது. கீழே பார்த்தாள். வெறுங்கால்.

அவன் வாயிலிருந்து மூச்சு எழவில்லை.

"என்னாச்சு உனக்கு?"

உதடு லேசாகப் பிளந்திருந்தது. உள்ளே பனி. கரையாத பனி.

மேசைக்குப் போனான். வாரம் முழுக்க வெய்க்கோ திட்டித் திட்டிப் பூட்டிய துப்பாக்கியை அந்தக் கைகள் பாராமலே பூட்டின. வலது கை போல்ட்டின் பிடியைத் தேடியது, அது முன்பு இருந்த இடத்தில். காற்றைப் பிடித்தது. தடவியது. வளைந்த பிடியைக் கண்டுகொண்டது. இடது கை முன்னே போயிற்று, அறுத்துப்போட்ட மரத்தைத் தேடி. வெறும் இரும்பில் படிந்தது.

லெம்பி தோட்டாப் பெட்டியின் மேல் கை வைத்து மூடினாள். அவன் ஒவ்வொரு விரலாக எடுத்து விலக்கினான். கோபமே இல்லாமல்.

ஜன்னலைத் தூக்கினான். விளிம்பில் குழலைச் சாத்தினான்.

அப்போது முற்றத்துக்கு அப்பாலிருந்து வெய்க்கோ கூப்பிட்டான்.

"ஏ லெம்பி! கதவு சிக்கிக்கிச்சு. வந்து இழேன்!"

"வராத!" என்று கத்தினாள். "வெளிய வராத!"

"என்ன? கேக்கல! இரு, வந்துருச்சு..."

போல்ட் முன்னே சென்று படிந்தது. கன்னம் சாய்ந்தது. வாய் மெல்லத் திறந்து, ஆறு பள்ளங்களில் ஆறு பற்கள் பொருந்தின.

சவுனாக் கதவின் மஞ்சள் கீற்று பனியின் மேல் அகலமாகிக்கொண்டே வந்தது.