முக்காட்டுக்குள் வந்த மீசை

மாலைக் கதிரவன் மேற்றிசையில் செம்பிழம்பாய் அமிழ, கீழ்வானில் முழுமதி வெள்ளித் தேராய் எழ, அவ்விரண்டின் ஒளியையும் ஒருங்கே ஏந்திச் சட்லஜ் நதி அகன்று பாய்ந்துகொண்டிருந்த வேளையில், தென்கரையிலிருந்த சீக்கியர் பாசறையை நோக்கி, மார்பளவு தொங்கும் முக்காட்டுடன் நெடிய உருவமொன்று நடந்து வந்தது. நடையில் நளினமிருந்தது, மணலில் பதிந்த சுவட்டிலோ ஆண்மகனின் எடை இருந்தது.

ஆம், வாசகர்களே, வந்தவன் ஜெய்மல். அக்கரை மலைநாட்டு அரச குடும்பத்தின் மெய்க்காவலன். இறந்துபோன இளவரசனின் சிதையில் அவன் மனைவி சந்திராவதியை உயிருடன் ஏற்றியதோடு நில்லாமல், அக்கொடுமைக்கு அறமென்று பெயரும் சூட்டினார்கள் அந்நாட்டுச் சான்றோர். சான்றோராம்! தீ மூளுமுன் குதித்தோடிய அவ்விளம்பெண் நதியைக் கடந்து இப்பாசறையில் அடைக்கலம் புகுந்தாள். அவளை மீட்டு வந்தால் கோட்டைத் தலைமை. தவறினால் தலை போகும். இதுவே ஜெய்மலுக்கு மன்னன் இட்ட ஆணை.

பெண்ணின் முக்காட்டைத் தொட எந்தக் காவலனும் துணியான் என்பது அவன் பிறந்த நாட்டு வழக்கம். அதை நம்பியே இக்கோலம் பூண்டான். முக்காடு இருக்கையில் மீசையை மழிப்பானேன் என்று அதையும் விட்டுவைத்தான்.

வாயிலை அடைந்தவன் திகைத்து நின்றான். நீல உடையும் இடைவாளும் தரித்து, முகம் மறையாத இளம்பெண்ணொருத்தி ஈட்டியுடன் காவல் நின்றாள். அவளுக்கு அப்பால் தாடி நரைத்த வீரர்கள் ரொட்டிக்கு மாவு பிசைந்தார்கள். மேடையில் ஒரு மூதாட்டி மறைநூல் ஓத, படைத்தலைவர்கள் தலைவணங்கிக் கேட்டிருந்தார்கள். உலகம் தலைகீழாகிவிட்டதோ என்று அவனுக்கு மயக்கம் வந்தது.

"முக்காட்டை விலக்கிவிட்டுச் செல்லுங்கள், அம்மணி."

குரலை மெலிதாக்கிக்கொண்டு, "உள்ளே ஆடவர் இருக்கிறார்களே" என்றான்.

"இருக்கிறார்கள். அவர்களும் முகத்தைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்."

"குலப்பெண்ணுக்கு இழிவல்லவா?"

"எங்கள் குருமார் வகுத்த நெறி இது. முகம் மறைத்து வருபவர் அரசியேயானாலும் சபையில் இடமில்லை."

அவன் பின்வாங்கினான். அக்கணமே ஈட்டிமுனை முக்காட்டை மேலே தூக்க, முறுக்கிய மீசைமீது நிலவு பொழிந்தது.

மாவு பிசைந்த கிழவீரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இத்துணை அழகை மறைத்து வைத்தது தகும், மகளே. மூடிவிடு."

சிரிப்பொலிக்கிடையே ஜெய்மலின் கை மடியிலிருந்த கட்டாரியைத் தேடியது.

"வேண்டாம், ஜெய்மல்" என்றாள் ஈட்டி ஏந்தியவள்.

அவன் உறைந்தான். "என் பெயர் உனக்கெப்படித் தெரியும்?"

"மூன்றாண்டுகள் என் பல்லக்கின் அருகே நடந்தீர். திரையிடுக்கில் நாள்தோறும் உம்மைக் கண்டேன். நீர்தாம் என் முகத்தைக் கண்டதில்லை, குரலையும் கேட்டதில்லை. சிதையருகே பந்தம் ஏந்தி நின்றவரும் நீரே. உம் கை நடுங்கியது. அந்த நடுக்கம் தந்த இடைவெளியில்தான் நான் குதித்தேன்."

தான் எரிக்கவிருந்த முகத்தை ஜெய்மல் முதன்முறையாகக் கண்டான்.

"தேவி... இளவரசி சந்திராவதி..."

"அவள் அச்சிதையோடு போனாள். நான் ரூப் கௌர். இவ்வாயில் என் காவல். என்னைக் கொண்டுபோகத்தானே வந்தீர்? முயன்று பாரும்."

ஜெய்மல் கட்டாரியை உருவி, அவள் காலடி மணலில் வைத்து மண்டியிட்டான்.

"மன்னர் என் தலையைக் கொள்ளட்டும். இந்தச் சட்லஜ் சாட்சியாக, என் கை இனி எந்தச் சிதைக்கும் பந்தம் ஏந்தாது. ஏந்துபவன் கையையும் விட்டுவைக்காது."

"எழும். இங்கே மனிதர் மனிதரின் காலில் விழுவதில்லை." கட்டாரியை எடுத்து அவனிடமே நீட்டினாள் ரூப் கௌர். "காவல் மாறும் நேரம், பந்தி தொடங்கப்போகிறது. பல்லக்கின் அருகே நடந்தது போதும், ஜெய்மல். இன்று பக்கத்தில் அமர்ந்து உண்ணும்."