நீண்ட விசில்

மூன்று குட்டி விசில்கள் வடக்கிலிருந்து வந்தன. வரைபடமும் காம்பஸும் கொடுத்துப் பிள்ளைகளை டீச்சர் அனுப்பியதோ தெற்கே.

பள்ளிக்குப் பின்னாலிருந்த அந்தக் காடு அவளுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. வருடா வருடம் அங்கேதான் இந்தப் பாடம். சட்டம் இரண்டே இரண்டு. வழி தவறினால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று முறை ஊத வேண்டும், நகரவே கூடாது. நீளமாக ஒரு விசில் கேட்டால், முன்னால் நிற்பவர் தோளைப் பிடித்தபடி எல்லோரும் சத்தம் வரும் பக்கம் போக வேண்டும். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது.

மதியம் பனிமூட்டம் இறங்கியதும் அவள் நீளமாக ஊதியிருந்தாள். எல்லோரும் வந்தார்கள், அவள் மகள் சிட்டுவைத் தவிர.

"மேப்பைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டுப் போனா டீச்சர்," என்றான் வகுப்பின் வாலு. "சொன்னா முறைக்கிறா."

"நீங்க போங்கம்மா. பசங்களை நான் பாத்துக்கறேன்," என்றார் கூட வந்திருந்த பள்ளி வேன் டிரைவர்.

மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் வடக்கே நடந்தாள். ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை மூக்கில் ஏற, கிளைகளிலிருந்து சொட்டிய நீர் முதுகுக்குப் பின்னால் யாரோ நடப்பதுபோல விட்டுவிட்டுக் கேட்க, பத்தடிக்கு அப்பால் மரங்களெல்லாம் வெறும் கறுப்புக் கோடுகளாக நின்றன. மறுபடி விசில். சிட்டுவுடையதேதான். எந்நேரமும் கடித்துக் கடித்து விரிசல் விட்டு, கரகரக்கும் விசில் அது. வீட்டுக்கு வரட்டும், காதைத் திருகாமல் விடப்போவதில்லை.

அடுத்த விசில் இடப்பக்கம் கேட்டது. அதற்கடுத்தது வலப்பக்கம்.

சிட்டு நகர மாட்டாள். சொன்னால் சொன்னதுதான், அப்படியொரு பிடிவாதக்காரி. டீச்சர் நின்று காது கொடுத்தாள்.

பிறகு அது அவளுக்குப் பின்னால் கேட்டது. பிள்ளைகளை விட்டுவந்த பக்கம்.

அப்போதுதான் மகளைப் பார்த்தாள். மரத்தைக் கட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கழுத்தில் கயிறு மட்டும் தொங்கியது.

"விசில் எங்கடி?"

"நீதானே வாங்கிட்டுப் போன."

"நானா?"

"இப்பதான். இதே மஞ்சக் கோட்டுதான், ஆனா ஒரே மண்ணு. பேசவே இல்ல. கையை மட்டும் நீட்டின."

டீச்சர் அவள் கையைப் பற்றினாள். ஓடிவிட வேண்டும், வேறொன்றும் தோன்றவில்லை.

நீண்ட விசில் எழுந்தது. கரகரப்பாக. நிற்காமல்.

சருகுகள் நொறுங்கின. நிறையக் கால்கள். பனி விலகியது. தோளைப் பிடித்தபடி பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். வாலு. மற்றவர்கள். கடைசியில் டிரைவரும். எல்லோருக்கும் முன்னால் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு.

"நில்லுங்கடா! நான் இங்க இருக்கேன்டா!"

யாரும் திரும்பவில்லை. டீச்சர் தன் விசிலை வாயில் வைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

வரிசை நின்றது. மஞ்சள் கோட்டு திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டியது.

டீச்சரின் பிடிக்குள் சின்ன விரல்கள் நெளிந்தன.

"யாருங்க நீங்க?" என்றாள் சிட்டு. "கையை விடுங்க. எங்கம்மா கூப்பிடுறாங்க."