மூன்று அடி, பிறகு மௌனம்

மூடிக் கிடந்த பாய்லர் தொழிற்சாலையின் முற்றத்தில் வேன் வந்து நின்றபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பேய் இருந்தாலும் நிழல் தேடி ஓடியிருக்கும். வந்த மூன்று பேருக்கும் சாமான் இறக்குவதற்குள்ளேயே இடுப்பு ஒடிந்துவிட்டது.

பாடகருக்குத் தொப்பை போட்டிருந்தது, குரல் மட்டும் அதே கரகரப்பு. ஒலிப்பதிவாளரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். கொசு திசை மாறினாலும் அவருக்குக் கேட்கும். மூன்றாவது ஆள் பாப்பா. வயது முப்பதைத் தாண்டியும் குழுவில் அவள் பாப்பாதான், ஏனென்றால் பழைய டிரம்மரின் தங்கை அவள். இப்போது டிரம்மரும் அவளே.

இரும்பைத் தட்டி, மெஷின் இரைச்சலைக் குழைத்து ராக் பாடுகிற குழு அது. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இங்கே, ஓர் அறை அளவுக்கு இருந்த பழைய பாய்லரின் வயிற்றுக்குள் உட்கார்ந்து அண்ணன் வாசித்த அன்று எல்லாம் நின்றுபோனது. வெகுநேரம் கழித்து அடி ஓய்ந்து கதவைத் திறந்தபோது அவன் மூச்சு முட்டிச் செத்திருந்தான்.

"அவன் நிறுத்தவே இல்ல பாப்பா. பிரமாதமா வாசிக்கிறான்னு கேட்டுக்கிட்டே இருந்தோம்" என்று பாடகர் அன்றைக்குச் சொன்னார். இத்தனை வருஷமும் அதையேதான் சொன்னார்.

அவள் நம்பவில்லை. மூச்சு முட்டுகிறவன் எதற்கு வாசிப்பான்? பொய் சொல்கிறார், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எங்கேயோ அரட்டை அடிக்கப் போயிருப்பார் என்று அவள் மனது அடித்துச் சொன்னது. அதனால்தான் புது ஆல்பம் என்றதும் அவளே கேட்டாள், "முதல் பாட்டு அதே பாய்லர்ல. நான் வாசிக்கறேன்." உள்ளே போனால் உண்மை தெரியும் என்று ஒரு பிடிவாதம்.

"தாழ்ப்பாள் மட்டும் வேணாம்" என்றாள் பாப்பா.

"போடல. ஒரு பாட்டுதான், அஞ்சு நிமிஷம்" என்றார் பாடகர்.

ஆனால் ஒத்திகையில் கதவு கடகடவென்று ஆடியது. காது முகத்தைச் சுளித்தார். "இந்தச் சத்தம் மொத்தத்தையும் கெடுத்துடும்மா." அவளும் அதே ரகம்தானே; நல்ல ஒலி கிடைக்குமென்றால் கையை வெட்டிக் கொடுக்கிற கூட்டம். "சரி, போல்ட்டை முடுக்குங்க" என்றாள்.

மைக் உள்ளே இல்லை, பாய்லரின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்தது. இரும்பின் அதிர்வு மட்டும்தான் அதில் ஏறும், குரல் ஏறாது. செல்போன் இரைச்சல் கொடுக்கும் என்று அதையும் வெளியே வைத்தாகிவிட்டது. டேக், அதாவது ஒரு முறைப் பதிவு, முடிந்ததற்கு அடையாளம் மூன்று அடி, பிறகு மௌனம். அதற்கு முன்னால் யாரும் கதவைத் தொடக்கூடாது. அண்ணன் போட்ட சட்டம் அது. அவன் மூன்றாவது அடியை மட்டும் கொஞ்சம் இழுத்துப் போடுவான். அதைக் கேட்டு அவள் எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள்.

கதவு மூடியது. போல்ட் திருகும் சத்தம் கேட்டது.

இருட்டில் துரு நெடி தொண்டையை அடைத்தது. இரும்புக் கம்பியை எடுத்துப் பாய்லர் சுவரில் வாசிக்கத் தொடங்கினாள். இரும்பு நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து அதிர்ந்தது. நன்றாகவே போனது, அண்ணன் கேட்டிருந்தால் முதுகில் தட்டியிருப்பான்.

பாட்டு முடிந்தது. மூன்று அடி அடித்தாள். கம்பியைக் கீழே வைத்தாள்.

டங். டங். டங். டங்.

அவள் கைகள் மடியில் இருந்தன.

எதிர்ச்சுவரிலிருந்து வந்தது அது. ஒரே சீராக, மூச்சு வாங்காத அடி.

கம்பியை எடுத்து மறுபடி மூன்று அடி அடித்தாள். மௌனம் விழ வேண்டிய இடத்தில் அந்த அடி விழுந்தது. "அண்ணே, கதவைத் திறங்க!" என்று பாடகரைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். குரல் இருட்டையே சுற்றிவந்து அவள் காதிலேயே விழுந்தது.

வெளியே அவர்கள் ரசித்துக்கொண்டிருப்பார்கள். பாப்பா என்னமா வாசிக்கிறா என்று.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அண்ணன் நிறுத்தியிருக்கிறான். இந்த அடிதான் அந்த மௌனத்தை வெளியே கேட்கவிடவில்லை.

காற்று கனத்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாகப்போகிறோம் என்று நினைத்தபோது பாடகரின் ஒரு குணம் ஞாபகத்துக்கு வந்தது. தாளம் தப்பினால் மனிதருக்குப் பல் கூசும். எந்தச் சட்டத்தையும் பார்க்கமாட்டார், எழுந்து வந்து திட்டுவார்.

கம்பியை இறுக்கிப் பிடித்தாள். கண்டபடி அடித்தாள். முந்தி, பிந்தி, இரண்டு அடிக்கு நடுவே, பிறந்ததிலிருந்து செய்யாத தப்பையெல்லாம் செய்தாள்.

போல்ட் திருகியது.

"என்ன பாப்பா, தாளம் இப்படி நொண்டுது?" என்றபடி கதவைத் திறந்த பாடகர், தவழ்ந்து வந்தவளைத் தாங்கிப் பிடித்தார்.

தண்ணீர் குடித்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து பதிவைக் கேட்டார்கள். அவளுடைய மூன்று அடி. அதன்மேல் அந்தச் சீரான அடி. காது திடீரென்று கையைத் தூக்கினார். "அடியில இன்னொண்ணு இருக்கு." ஒலியைக் கூட்டினார்.

மெல்லியதாக, தூரத்தில். மூன்று அடி, மூன்றாவது கொஞ்சம் இழுத்து. பிறகு ஒரு இடைவெளி. மறுபடி மூன்று அடி.

அண்ணன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், கதவைத் திறக்கச் சொல்லி.

"நீங்க பொய் சொல்லல அண்ணே" என்றாள் பாப்பா. பாடகர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவள் எழுந்து போய்ப் பாய்லர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். "டேக் முடிஞ்சுதுண்ணா. வா." உள்ளிருந்து குளிர்ந்த காற்று ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு போனது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

மாலை வெளிச்சத்திலேயே சாமானை ஏற்றிப் புறப்பட்டார்கள். பின்கதவைப் பூட்டியதும் வேன் உள்ளே இருண்டது. காது ஓட்டினார். பாடகர் அவர் பக்கத்தில், பாப்பா பின்னால் சாமானோடு.

பின்பக்கத் தகரத்தில் மூன்று அடி விழுந்தது. மூன்றாவது கொஞ்சம் இழுத்து.

"வந்துட்டான்" என்று கிசுகிசுத்தாள் பாப்பா. கண்ணீரோடு சிரிப்பும் வந்தது.

அந்த இடைவெளி முடிவதற்குள் இன்னொரு கை ஆரம்பித்தது.

ஒரே சீராக.

காது பிரேக்கை மிதித்தார். பாப்பா கதவுப் பிடியை இழுத்தாள். அது அசையவில்லை.