பெரியம்மாவுக்குத் தெரியாதது

அப்பா எழுந்தார். பால் காய்ச்சினார். மகளுக்குத் தலை பின்னிவிட்டார். பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு சட்டை போட்டார். கீழ்ப் பட்டனில் ஆரம்பித்து மேலே வந்தார். முடித்ததும் அவள் முன்னால் வந்து நின்றார்.

அவள் மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள்.

“சரிப்பா.”

தினமும் இப்படித்தான். அன்று பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் எல்லாம் கொஞ்சம் சீக்கிரமாக நடந்தது. அவ்வளவுதான்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. பெரிய நகரத்தில் இருந்தார். அம்மா இறந்த பிறகு அவர்கள் அங்கே போவது அதுதான் முதல் முறை.

நகரப் பேருந்தில் ஒரு காலை ஊன்றினால் இன்னொரு காலுக்கு இடமில்லை.

“இறங்கும்போது அது உங்க கால்தானான்னு பாத்து எடுத்துட்டுப் போங்க!” என்று கத்தினார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

பெரியம்மா வீடு நான்காவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை. கல்யாணத்துக்கு முன்பு அம்மாவும் இங்கேதான் இருந்தாள். பக்கத்துத் தெரு அச்சகத்தில் வேலை பார்த்தாள். அதனால் பக்கத்து வீட்டார், அம்மாவின் தோழிகள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலில் செருப்பின் மேல் செருப்பு ஏறிக்கொண்டது. புதிதாக ஒருவர் வந்தால், முன்பே வந்தவர் டீ தம்ளரோடு படிக்கட்டுக்குப் போய்விட வேண்டும்.

“நம்ம வீட்டுல மூச்சு விடணும்னாலும் வரிசையிலதான் விடணும்” என்றார் பெரியப்பா.

சிரிப்பு அடங்கியதும், யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

“கடைசியா என்ன சொன்னா?”

கேள்வி அப்பாவுக்கு. அப்பா தம்ளருக்குள் பார்ப்பார். பெரியம்மாதான் பதில் சொல்வார்.

“‘என் பொண்ணைப் பாத்துக்கோங்க’ன்னு சொன்னா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா இறந்த அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். அம்மா அப்படிச் சொல்லவில்லையே!

அடுத்தவர் வந்தபோது, “‘அக்காவைக் கைவிட்டுடாதீங்க’” என்பதும் சேர்ந்தது. மதியத்துக்குள் அம்மாவின் கடைசிப் பேச்சு ஒரு மேடைப் பேச்சு அளவுக்கு வளர்ந்துவிட்டது.

கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. பெரியம்மா சொல்லும் அந்த அம்மா யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் இதையே நினைவில் வைத்துக்கொண்டால், அம்மா நிஜமாகச் சொன்னது எங்கே போகும்?

‘அப்படி இல்லை’ என்று கத்தலாம். ஆனால் அறை நிறைய ஆட்கள். பெரியம்மாவின் முகம் என்னாகும்?

பெரியம்மா தம்ளர் கழுவப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

“பெரியம்மா, அன்னைக்கு நீங்க அங்க இல்லியே?”

பெரியம்மாவின் கை நின்றது. தம்ளரிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“இல்லடா செல்லம். வழியில வண்டி நகரவே இல்ல. நான் வந்து சேரறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.” குழாயை மூடினார். “எல்லாரும் கேக்கறாங்க. கூடப் பொறந்தவ நான். எனக்கே தெரியாதுன்னு எந்த வாயால சொல்றது? உங்கப்பாகிட்ட கேக்கலாம்னா, அவர் மூஞ்சியைப் பாத்தாலே கேள்வி தொண்டையில நின்னுடுது.”

“நான் அங்கதான் இருந்தேன். என்னை யாருமே கேக்கல.”

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“சொல்லு.”

அவள் காதோடு காதாகச் சொன்னாள்.

பெரியம்மா முதலில் விழித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

“அவளேதான்” என்றார். “அச்சு அசல் அவளேதான்.”

வெளியே யாரோ மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள். அச்சகத்தில் அம்மாவோடு வேலை பார்த்த தோழி. பெரியப்பா எழுந்து இடம் கொடுத்தார். தோழி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்கள் கேட்டதையே கேட்டார்.

“கடைசியா என்ன சொன்னா?”

பெரியம்மா வாயைத் திறந்தார். மூடினார்.

“இத்தனை நேரம் நானா ஏதோ சொல்லிட்டு இருந்தேன். நான் அங்க இல்ல. இவதான் இருந்தா. இவளைக் கேளு.”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். படிக்கட்டில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அவர் கை தானாகச் சட்டையின் கடைசிப் பட்டனைத் தொட்டது.

“சொல்லும்மா” என்றார்.

“அப்பா ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில முழிச்சிட்டே இருந்தாரு. காலையில வீட்டுக்கு ஓடிப்போய்ச் சட்டை மாத்திட்டு வந்தாரு. அம்மா அவரையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் என்னைக் கிட்ட வரச்சொன்னாங்க. மெதுவாத்தான் பேச முடிஞ்சுது.”

அவள் நிறுத்தினாள். பிறகு அம்மா சொன்னதை, அம்மா சொன்ன மாதிரியே சொன்னாள்.

“‘உங்கப்பா பட்டனை மாத்திப் போட்டிருக்காரு. டாக்டர் பாக்கறதுக்குள்ள போய்ச் சொல்லு.’”