பத்து மணிப் பால்

எண்பத்து நாலாம் வருஷம் பிப்ரவரி மாதம், மலேசியாவில் கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டம் கைமாறிப் போன பிறகு, அழகேசனும் நல்லம்மாளும் ஈஜோக்கைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அழகேசனுக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற வேலை. நல்லம்மாளுக்கு, வந்த மூன்றாம் நாளே, ஆயாக்கொட்டகையில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. முன்பிருந்த ஆயா ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம்.

"வயசாயிருச்சு அதுக்கு," என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்பளசாமி. சாவியைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டித் தனியாக நின்றது கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை, இடுப்பளவுக்கு ஒரு குட்டைக் கதவு, அதற்கு மேல் மூடிக்கொள்ள இன்னொரு பலகை. உள்ளே பதினொரு பிள்ளைகள். அதில் கைக்குழந்தை ஒன்றே ஒன்றுதான். லெட்சுமியின் மகள் மேகலா, ஏழு மாசம், சாரோங் கைலியில் கட்டிய தொட்டிலில் கிடந்தாள்.

வாசலை ஒட்டி ஒரு நீலப் பீப்பாய் நிறையத் தண்ணீரும் ஒரு தகரக் குவளையும் இருந்தன. தோட்டத்தில் பைப்புத் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் வரும். இடையில் கை கழுவ அந்தப் பீப்பாய். அதற்கு மேலே சுவரில் ஒரு பலகை: மருந்தடித்த கையைக் கழுவாமல் பிள்ளையைத் தொடாதே.

மருந்து என்றால் களைக்கொல்லி. தோட்டத்தில் யாரும் அதை விஷம் என்று சொல்வதில்லை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனை வரிசைகளுக்குள் அதை அடித்துக்கொண்டு போவது பெண்களின் வேலை. லெட்சுமியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். தினமும் காலை பத்து மணிக்கு ஓடிவந்து, கையையும் மார்பையும் கழுவிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஓடுவாள்.

முதல் நாள் பத்து மணி. வெயிலில் கூரைத் தகரம் படபடத்துக்கொண்டிருந்தது. பெரிய பிள்ளைகள் பாயில் தூங்கிப்போயிருந்தார்கள். வெளியே குவளை பீப்பாயில் இடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம். கையோடு கையைத் தேய்க்கும் சத்தம். மறுபடியும் குவளை, மறுபடியும் தண்ணீர்.

யாரோ ரொம்ப நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சத்தம் நின்றது. வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான, இளைத்த குரல்.

"கழுவிட்டேங்க்கா. புள்ளையக் குடுங்க."

நல்லம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். குட்டைக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். ஆண்பிள்ளைச் சட்டை, இடுப்பில் சாரோங், முகம் முழுக்கத் துண்டு. மருந்தடிக்கும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். இரண்டு கைகளையும் கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"லெட்சுமியா? உள்ள வாம்மா," என்று சொல்லிக்கொண்டே நல்லம்மாள் தொட்டிலுக்குத் திரும்பினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

கதவின் மேல்கட்டையில் ஈரமாக இரண்டு கைத்தடங்கள். மூக்கைக் கிள்ளுகிற மருந்து நாற்றம்.

ஐந்து நிமிஷம் கழித்து லெட்சுமி வந்தாள். மூச்சு வாங்கியது. பீப்பாயில் தண்ணீர் மொண்டு அவசரமாகக் கழுவினாள்.

"இப்பத்தான வந்த? எங்க போயிட்ட?" என்று கேட்டாள் நல்லம்மாள்.

லெட்சுமி கழுவுவதை நிறுத்தினாள். கதவின் மேலிருந்த தடங்களைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"புள்ளையக் குடுத்தீங்களாக்கா?"

"இல்லையே. திரும்புறதுக்குள்ள ஆளக் காணோம்."

"குடுக்காதீங்க," என்றாள் லெட்சுமி, கீழ்க்குரலில். "யாரு கேட்டாலும், என் மூஞ்சியப் பாக்காம குடுத்துறாதீங்க."

அதன்பிறகு அது தினமும் நடந்தது. குவளைச் சத்தம், தண்ணீர், தேய்க்கும் ஓசை. பிறகு அந்தக் குரல். சில நாள் நல்லம்மாள் திரும்பிப் பார்ப்பாள், சில நாள் பார்க்கத் துணிவிருக்காது. பார்த்த நாளில் ஒன்றைக் கவனித்தாள். நீட்டிய கைகளில் ஒரு விரலுக்கும் நகம் இல்லை.

மூன்றாவது வாரம் மேகலாவுக்கு வாயைச் சுற்றித் தடித்துச் சிவந்தது. குடித்த பாலைக் கக்கினாள். தூங்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ உரசுவதுபோல மூச்சு விட்டாள். லெட்சுமியின் விரல் நகங்களின் ஓரம் கறுத்து வருவதை நல்லம்மாள் அப்போதுதான் பார்த்தாள்.

ஒரு காலை, பெரிய பிள்ளை ஒருத்திக்குக் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சாரோங் துணியில் ஐந்து விரலின் ஈரம். தொட்டிலின் உள்பக்கத்தில்.

அன்று சாயங்காலம் அவள் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனாள். அங்கே டிரஸர் துரைசிங்கம் மட்டும் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தோட்டத்தில் இருபது வருஷமாக அவர்தான் வைத்தியம். நல்லம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"காளியம்மா எண்டு ஒருத்தி," என்றார். "மூண்டு வருசமாச்சு. மருந்தடிக்கிற கூட்டத்தில இருந்தவள். பிள்ளைக்கு அஞ்சு மாசம். முதல்ல சளி எண்டு நினைச்சன். பிறகு மூச்சு விட ஏலாமப் போச்சு."

"எதனாலங்க ஐயா?"

"மருந்துக் கையோட பால் குடுத்திருக்கிறாள் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நானும் அப்பிடித்தான் சொன்னன். அவள் இந்த வாசல்ல விழுந்து அழுதாள். 'கழுவினேன் ஐயா, ஒவ்வொரு நாளும் கழுவிட்டுத்தான் தூக்கினேன்' எண்டாள்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் நம்பேல்லை. அந்தப் பலகையை எழுதி மாட்டினது நான்தான்."

"அப்புறம்?"

"அதுக்குப் பிறகு அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். வேலைக்குப் போகமாட்டாள். விடிஞ்சா அந்த டிரம்முக்குப் பக்கத்தில. தோல் உரிஞ்சுது, நகம் விழுந்துது. பிறகு அவளுக்கும் நெஞ்சு போச்சு. நாலு மாசத்தில செத்துப்போனாள்."

மறுநாள் நல்லம்மாள் கதவு நிலையில் வேப்பிலை செருகினாள். பிள்ளைகள் நெற்றியில் திருநீறு பூசினாள். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குட்டைக் கதவைத் தாழிட்டு, மேல்பலகையையும் இழுத்து மூடிவிட்டாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்து தூறத் தொடங்கியது.

குவளைச் சத்தம்.

தண்ணீர்.

நெடுநேரம் தேய்க்கும் ஓசை.

"கழுவிட்டேங்க்கா."

மேகலா தொட்டிலில் முனகினாள். நல்லம்மாள் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றாள். குரல் இப்போது கதவருகே இல்லை. அவள் சாய்ந்திருந்த பலகைக்கு அந்தப் பக்கம், காதுக்கு நேராகக் கேட்டது.

"நல்லாக் கழுவிட்டேங்க்கா. பாத்துக்குங்க."

பாத்துக்குங்க என்று அது இதுவரை சொன்னதில்லை.

பலகைகளுக்கு நடுவில் விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருந்தது. நல்லம்மாள் குனிந்து அதில் கண்ணை வைத்தாள்.

அந்தப் பெண் பீப்பாயருகே முதுகைக் காட்டி நின்றாள். மழையில் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீர் பட்ட கைகள் சுத்தமாக இருந்தன. வெறும் மனுஷக் கைகள். பிறகு அவற்றைப் பீப்பாய்க்குள் விட்டாள். வெளியே எடுத்தபோது முழங்கை வரைக்கும் பச்சையும் நீலமுமாக வழிந்தது. மறுபடியும் மழையில் நீட்டினாள். சுத்தமானது. மறுபடியும் பீப்பாய்க்குள் விட்டாள்.

மறுபடியும் பச்சை.

 மூன்று வாரமாக நல்லம்மாளே தினமும் சாயங்காலம் பைப்பைத் திறந்து அந்தப் பீப்பாயை நிரப்பி வைத்தவள்.

"அந்தத் தண்ணியத் தொடாத, காளியம்மா," என்றாள் இடுக்கு வழியாக.

கைகள் நின்றன.

அவள் மெதுவாகத் திரும்பினாள். முகத்துத் துண்டை விலக்கினாள். இருபத்திரண்டு வயசிருக்கும். சாதாரண முகம். லயத்தில் எந்த வாசலிலும் பார்க்கக்கூடிய முகம். உதடு மட்டும் பச்சையாக ஊறியிருந்தது. அவள் எதையோ கேட்கப்போவதுபோல வாயைத் திறந்தாள். மழை ஓங்கி அடித்தது. மழைச் சாரல் தெளிந்தபோது பீப்பாய் மட்டும் நின்றிருந்தது.

நல்லம்மாள் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினாள். பீப்பாயைத் தோளால் முட்டிச் சாய்த்தாள். தண்ணீர் வடிந்ததும் அடியில் சோப்பு வழவழப்பாக ஒரு படிவு தெரிந்தது. வெளிப்பக்கத்து நீலச் சாயத்தை அரிவாளால் சுரண்டினாள். கீழே மஞ்சள் காகிதம். அதில் ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு.

லெட்சுமி ஓடிவந்தாள். பழக்கத்தில் கவிழ்ந்த பீப்பாயின் மிச்சத் தண்ணீருக்குக் கையை நீட்டினாள். நல்லம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அப்பளசாமியும் வந்து சேர்ந்தார். "அது ஸ்டோர் டிரம்முதாம்மா. மருந்து தீந்தா காலி டிரம்ம இங்க அனுப்பிருவோம். ஆறு மாசத்துக்கு ஒண்ணு. காலங்காலமா நடக்குறதுதானே லா."

"உள்ள கழுவினீங்களா?"

"அலசிட்டுத்தான் குடுப்போம்."

"மோந்து பாருங்க," என்றாள் நல்லம்மாள்.

அவர் குனியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

துரைசிங்கம் குடையில்லாமல் வந்தார். பீப்பாய்க்குள் தலையை விட்டு முகர்ந்தார். எழுந்து நின்றபோது அவர் முகத்தில் வழிந்தது மழையா வேறா என்று நல்லம்மாளுக்குத் தெரியவில்லை. சுவரிலிருந்த பலகையை ஆணியோடு பிடுங்கினார்.

"கழுவினவள்தான்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "எல்லாரையும் விட நல்லாக் கழுவினவள்."

பிள்ளையைப் பரிசோதித்துவிட்டு, அங்கேயே முழங்காலில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். இந்த முறை சளி என்று எழுதவில்லை. அழகேசன் பாதிக் குலையை இறக்கிப் போட்டுவிட்டு லெட்சுமியையும் பிள்ளையையும் லோரியில் ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூருக்குப் பறந்தான். மேகலா அங்கே பன்னிரண்டு நாள் கிடந்தாள். நான்கு நாள் யாருக்கும் நம்பிக்கையில்லை. ஐந்தாம் நாள் பால் தங்கியது.

அதற்குள் தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து கொட்டகை வாசலில் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினார்கள். வெளியே யாரிடமும் பேசவேண்டாம் என்று அப்பளசாமி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். பேசினார்கள். மருந்தடிக்கும் பெண்கள் இரண்டு நாள் பம்பைத் தொடமாட்டோம் என்று நின்று, வேலைக் காட்டிலேயே சுத்தத் தண்ணீரும் சோப்பும் கேட்டு வாங்கினார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் பத்து மணிக்குக் கொட்டகை வாசலில் எந்தச் சத்தமும் இல்லை. கதவில் ஈரம் இல்லை. நாற்றம் இல்லை. நல்லம்மாள் சின்னதாகக் கற்பூரம் ஏற்றி, அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லிக் கும்பிட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

மேகலா திரும்பி வந்தாள். லெட்சுமிக்கு நாற்றங்காலில் வேறு வேலை கொடுத்திருந்தார்கள். முதல் நாளே அங்கே ஆள் குறைவு, அவளை உடனே விடவில்லை. பத்து மணி போனது. பத்தரை. பதினொன்று. பிள்ளை பசியில் கத்தப்போகிறது என்று நல்லம்மாள் காத்திருந்தாள். பிள்ளை கத்தவில்லை. தொட்டில் அசையாமல் தொங்கியது. நல்லம்மாள் பெரிய பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு லெட்சுமி ஓடிவந்தாள். சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. பிள்ளையை எடுத்து மார்பில் வைத்தாள். மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் திருப்பிக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள்.

"குடிக்க மாட்டேங்குதே," என்றாள் லெட்சுமி. பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "வயிறு டம்முனு இருக்குக்கா."

நல்லம்மாள் கிட்டே போனாள். பிள்ளையின் கடைவாயிலிருந்து கழுத்து மடிப்பு வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு வழிந்திருந்தது. இன்னும் காயவில்லை. விரலால் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது. லெட்சுமி பார்க்காத பக்கமாகத் திரும்பி, விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

வெறும் பால் வாசனை. தாய்ப்பால் வாசனை. வேறெதுவும் இல்லை.

"பாலு ஏதும் கலக்கிக் குடுத்தீங்களாக்கா?" என்று கேட்டாள் லெட்சுமி.

பிள்ளை நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மூச்சு உரசாமல் சீராக வந்தது.

"ஆமா," என்றாள் நல்லம்மாள். "அழுதிச்சி. கொஞ்சமாக் குடுத்தேன்."

கொட்டகையில் பால் டின் என்று ஒன்று இருந்ததே கிடையாது.